தருமபுத்திரரும் பேரூராட்சியும்

திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் இருக்கிறது பொதட்டூர்பேட்டை. தொண்டை மண்டலத்தின் இந்த வடகோடியில் மகாபாரதம் என்பது அலமாரியில் தூங்கும் புத்தகம் அன்று. இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் திரௌபதி அம்மனுக்குக் கோயில் உண்டு. உற்சவம் வந்துவிட்டால் பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்லுவார், இரவில் கூத்து நடக்கும், முடிவில் தீமிதி. கூத்து நடக்கும் இரவுகளில் சூதும் துகிலுரிதலும் நடக்கும் இரவுக்குத் தனிப் பெருமை உண்டு. நாட்டை வைத்துத் தோற்றார், படையை வைத்துத் தோற்றார், தம்பிமாரை வைத்துத் தோற்றார், தம்மையே வைத்துத் தோற்றார்; இன்னும் அந்த மனிதர் எழுந்திருக்கிற வழியாக இல்லை. கதையின் முடிவு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் முன்வரிசையில் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகள், இந்த வருஷமாவது தருமர் புத்தி தெளிந்து எழுந்து வந்துவிட மாட்டாரா என்று ஏங்குவார்கள்.

இப்படிப்பட்ட திருவிழாக்களில் கூத்து மேடைக்கு நூறு கஜ தூரத்தில், வெளிச்சம் கொஞ்சம் மங்கலான இடத்தில், இன்னொரு கூட்டமும் சேருவது உண்டு. நடுவில் ஒரு விரிப்பு. விரிப்பில் ஆறு படங்கள். ஒருவன் கையில் கட்டைகளைப் போட்டுக் குலுக்குவான். லங்கர் கட்டை என்று அதற்குப் பெயர். லங்கர் என்றால் ஹிந்துஸ்தானியில் நங்கூரம். இங்கிலீஷ் மாலுமிகள் கப்பலில் ஆடிவந்த ‘கிரீடமும் நங்கூரமும்’ என்னும் ஆட்டத்துக்கு இது நெருங்கிய பந்து. வெள்ளைக்காரர்கள் 1947-ல் கிரீடத்தை எடுத்துக் கொண்டு கப்பல் ஏறிவிட்டார்கள். நங்கூரத்தை மட்டும் நம்முடைய திருவிழாக்களில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்!

மேடையில் தருமர் தோற்பதற்காக அழுதுவிட்டு, நூறு கஜம் நடந்துபோய்த் தானும் தோற்றுவிட்டு வீடு திரும்புகிறானே, அவனைப் பற்றியும், அவனுக்காக ஊரின் ஆட்சி மன்றம் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும்தான் இந்த வாரம் எழுதப் புகுந்தோம்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். தறிச் சத்தம்தான் அந்த ஊருக்குச் சுப்ரபாதம். விசைத்தறிக்காரனுடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை நேயர்களில் பலர் அறிந்திருக்கலாம். நூல் ஒருவருடையது, கை ஒருவருடையது. பாவு ஏறினால் வேலை. பாவு தீர்ந்தால் அடுத்த பாவுக்காகக் காத்திருக்க வேண்டும். நூல் விலை ஏறினால் தறி நிற்கும்; மின்சாரம் போனால் தறி நிற்கும்; சரக்கு தேங்கினாலும் தறி நிற்கும். கூலி வார முடிவில் மொத்தமாகக் கைக்கு வரும். கல்யாணம், பிரசவம், மருத்துவம் எதுவானாலும் முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் நடத்த வேண்டும். வாங்கிய முன்பணம் தீருகிறவரையில் அந்தத் தறியை விட்டுப் போகவும் முடியாது. வேலை நின்ற பொழுது, வாரக் கூலி வந்த கை, தீராத கடன் உறுத்துகிற மனம் - இந்த மூன்றும் ஒரே மனிதனிடம் சேர்ந்துவிட்டால், சூதாட்டக்காரனுக்கு விலாசம் விசாரிக்க வேண்டிய சிரமமே இல்லை.

பொதட்டூர்பேட்டையில் மற்ற ஊர்களைவிடச் சூது அதிகம் என்று நாம் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்படி நினைப்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. பட்டணத்துப் பெரிய மனிதர்கள் கிண்டிக் குதிரைகளின்மேல் கட்டிய பணத்துக்கு முன்னால் தறிக்காரனுடைய பணம் எம்மாத்திரம்? அந்தக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் திறமையைப் பொறுத்தது, அது சூது ஆகாது என்று தீர்ப்பளித்தது. திறமை குதிரைக்கா, பணம் கட்டுகிறவருக்கா என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும், பெரிய மனிதர் தோற்றால் அவருடைய கார் போகும், தறிக்காரன் தோற்றால் அவன் பெண் பள்ளிக்கூடம் போவது நிற்கும் என்பதால்தான் இந்த ஊரை எடுத்துக் கொண்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இது எல்லைப் புறத்து ஊர். மொழிவழி ராஜ்யப் பிரிவினையின்போது திருத்தணி தாலுகா ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவோடு போயிற்று. ஸ்ரீ ம. பொ. சிவஞானமும் தோழர்களும் பெரிய கிளர்ச்சி நடத்தினார்கள். படாஸ்கர் சமரசம் செய்தார். 1960-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எந்த ராஜ்யத்தின் சட்டம் நம்மை ஆள வேண்டும் என்பதற்காக ஜெயிலுக்குப் போன மனிதர்கள் இருந்த வட்டாரம் இது. இன்று செல்போனில் சீட்டாடுகிறவனை எந்த எல்லை தடுக்கிறது? நகரிக்குப் பஸ் ஏறுகிறவனாவது எல்லையைத் தாண்டுகிறான். இவன் திண்ணையை விட்டே இறங்குவதில்லை.

சட்டம் இல்லாமல் போயிற்றா என்றால், இல்லை. சட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றின் கதையைக் கொஞ்சம் கேட்பது நல்லது.

கேரளத்தில் 1967-ல் சர்க்காரே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. மறு வருஷம் தமிழ்நாட்டிலும் ஸ்ரீ அண்ணாதுரையின் சர்க்கார் பரிசுச் சீட்டை ஆரம்பித்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று அதற்கு அழகான வாசகம் ஒன்றும் கிடைத்தது. நாட்டுக்குப் போனது எவ்வளவோ தெரியாது. பல வீடுகளிலிருந்து போனது மட்டும் நிச்சயம். நடுவில் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்து, 2003-ம் வருஷம் ஜனவரியில் எல்லா லாட்டரிகளுக்கும் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. தனக்கென்று லாட்டரி நடத்தும் ராஜ்யம் பிற ராஜ்யத்து லாட்டரியைத் தடுக்க முடியாது, ஒன்றுமே நடத்தாத ராஜ்யம்தான் தடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1999-ல் சொல்லியிருந்தது. ஆகையால் பிறர் சீட்டை ஒழிக்க வேண்டுமானால் தன் சீட்டின் வருமானத்தையும் விட வேண்டியிருந்தது. விட்டார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் காகிதச் சீட்டு போன இடத்தில் மூன்று நம்பர் லாட்டரி முளைத்தது. கேரளத்துச் சீட்டில் பரிசு விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைச் சொல்ல வேண்டியது; பிற்பகலில் அங்கே குலுக்கல் நடந்தால் சிறிது நேரத்தில் இங்கே முடிவு தெரிந்துவிடும். அச்சடித்த சீட்டு இல்லை; துண்டுக் காகிதம் ஒன்று இருக்கலாம், அதுவும் இல்லாமல் செல்போனில் ஒரு செய்தி போதும். மூன்று இலக்கம் என்றால் ஆயிரம் எண்கள். சீட்டு அறுபது ரூபாய், பரிசு முப்பதாயிரம் என்று வைத்துக் கொள்வோம். ஆயிரம் எண்ணையும் ஒருவனே வாங்கினால் அறுபதாயிரம் கொடுத்து முப்பதாயிரம் பெறுவான். அங்குலத்துக்கு இத்தனை இழை என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடும் நெசவாளிக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். கணக்குத் தெரியாததனால் ஒருவன் சூதாடுவதில்லை. வேறு எந்தக் கணக்கிலும் கடன் தீராது என்று தோன்றுவதனால் ஆடுகிறான்.

2019-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர் இந்த மூன்று நம்பரில் தோற்று, மனைவியோடும் மூன்று பெண் குழந்தைகளோடும் உயிரை விட்டார். அதற்குமேல் அதைப் பற்றி எழுத நமக்குக் கை ஓடவில்லை. தடை வந்து பதினாறு வருஷம் ஆன பிறகு நடந்த சம்பவம் அது என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்கிறோம்.

செல்போன் ரம்மியின் கதை இன்னும் விசித்திரமானது. 2020 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அதைத் தடுத்து அவசரச் சட்டம் செய்தது. பிறகு சட்டசபையிலும் நிறைவேற்றியது. 2021 ஆகஸ்டில் சென்னை ஹைக்கோர்ட்டு அது செல்லாது என்றது. 2022-ல் முன்னாள் நீதிபதி ஸ்ரீ சந்துருவின் தலைமையில் கமிட்டி அமைத்து மறுபடி சட்டம் செய்தார்கள். கவர்னர் 2023 மார்ச்சில் மசோதாவைத் திருப்பி அனுப்பினார். சட்டசபை அதே மாதத்தில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் சம்மதம் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஹைக்கோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதில் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. கல்யாணம் நடக்கலாம், மாப்பிள்ளை மட்டும் வரக்கூடாது என்பது போல! பிறகு 2025-ன் தொடக்கத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணி முதல் காலை ஐந்து மணி வரையில் பணம் வைத்து ஆடக்கூடாது என்பது போன்ற விதிகள் வந்தன. அவற்றை ஹைக்கோர்ட்டு ஜூன் மாதத்தில் ஒப்புக் கொண்டது. இரண்டு மாதம் கழித்து டில்லிப் பார்லிமெண்டு, அதிர்ஷ்டமானாலும் திறமையானாலும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டமே கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. பெரிய கம்பெனிகள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்தின. வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு வருஷமாக வக்கீல்கள் வாதாடிய கேள்வி ஒன்றுதான்: ரம்மி அதிர்ஷ்டமா, திறமையா? இந்தக் கேள்விக்கும் எல்லைக்கு அப்பாலிருந்துதான் விடை வந்தது. ஸிகந்தராபாத் கிளப் ஒன்றைப் பற்றிய வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1967-ல், ரம்மி பெரும்பாலும் திறமையைப் பொறுத்த ஆட்டம் என்று சொல்லிற்று. நம்முடைய 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமும் வெறும் திறமையால் ஆடும் ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் சொல்வதை மறுக்க நாம் யார்? ஆனால் கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அஸ்தினாபுரத்தில் நடந்தது அதிர்ஷ்ட ஆட்டமா, திறமை ஆட்டமா? சகுனிக்குத் திறமை ஆட்டம். தருமருக்கு அதிர்ஷ்ட ஆட்டம். ஆட்டத்தில் திறமை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? திறமை ஆட்டம் என்று கோர்ட்டில் நிரூபித்த கம்பெனிகள், திண்ணையில் உட்கார்ந்து ஆடியவனுக்கும் அந்தத் திறமை உண்டு என்று எங்கே நிரூபித்தன?

திரௌபதி சபையில் கேட்டது வேறு கேள்வி. தம்மையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று கேட்டாள். பீஷ்மர் முதலிய பெரியவர்கள் விழித்தார்கள். இன்றும் பீரோவைத் திறந்து பார்த்து நகை இல்லாததைக் காணும் பெண்மணி கேட்கும் கேள்வி அதுதான். அவளுக்கு அதிர்ஷ்டமும் திறமையும் ஒன்றே. அவளுடைய கேள்வி எந்தச் சபையில் எடுபடும்?

பேரூராட்சிச் சபையில் எடுபடுமா என்று பார்த்தோம். அரசியல் சட்டப்படி பந்தயமும் சூதாட்டமும் ராஜ்யங்களின் அதிகாரத்தில் இருக்கின்றன. நகர ஸ்தல ஸ்தாபனங்களுக்கு ஒப்படைக்கத் தக்கவை என்று 1992-ம் வருஷத்துத் திருத்தத்தில் பதினெட்டு விஷயங்களை எழுதி வைத்திருக்கிறார்கள். சாலை உண்டு, குடிநீர் உண்டு, தெருவிளக்கு உண்டு, மாட்டுப்பட்டி உண்டு, சுடுகாடு உண்டு, சூது இல்லை. ஆகவே பேரூராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டால், “அது போலீஸ் சமாசாரம்” என்பார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், “குடும்பம் புகார் கொடுக்கட்டும்” என்பார்கள். குடும்பம் மானத்துக்கு அஞ்சிப் புகார் கொடுக்காது. சூது அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

வெளிநாடுகளில் இந்த விஷயத்தை எப்படி நடத்துகிறார்கள்? நியூஸீலாந்து தேசத்தில் 2003-ல் செய்த சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கே மதுக்கடைகளிலும் கிளப்புகளிலும் காசு போட்டு ஆடும் யந்திரங்கள் உண்டு. அவை எங்கே இருக்கலாம் என்பதைப் பற்றி ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். எழுதுவதற்கு முன்னால் ஊராரைக் கேட்க வேண்டும். ஜனங்களுக்கு ஏற்படும் விளைவை யோசிக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இவை விருப்பம் அல்ல, கடமை. பல சபைகள் ஓர் உபாயம் கண்டுபிடித்தன. இருக்கும் கடையை மூடச் சொல்லுவதில்லை. ஒரு கடை தானாக மூடிப்போனால் அதன் இடத்தில் புதிதாக அனுமதி தருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு தொகை குறைந்து கொண்டே வரும். இதை எதிர்க்கிறவர்கள் யார் தெரியுமா? யந்திர வருமானத்தில் ஒரு பங்கு விளையாட்டுச் சங்கங்களுக்கும் தர்ம காரியங்களுக்கும் போகிறது. அந்தச் சங்கங்கள், “எங்கள் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வழி?” என்று கேட்கின்றன. நம் ஊர்த் திருவிழா நன்கொடைப் பட்டியலில் முதல் நாலு பெயர்களைப் பார்த்துவிட்டு, பிறகு நியூஸீலாந்துக்காரனைப் பற்றிச் சிரிக்கலாம்.

இங்கிலாந்தில் உள்ளூர்ச் சபைகளுக்கு இந்த அளவு பலம் கிடையாது. 2005-ம் வருஷத்துச் சட்டம் கொள்கை எழுதச் சொல்லுகிறது. ஆனால் அனுமதி கொடுக்கும் நோக்கத்தோடேயே முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்லுகிறது. எழுதும் கையை மற்றொரு கையால் பிடித்துக் கொள்வது போலத்தான். ஆயினும் லண்டனைச் சேர்ந்த நியூஹாம் முதலான பல சபைகள் சும்மா இருக்கவில்லை. பந்தயக் கடை யந்திரங்களில் ஒரே தடவையில் நூறு பவுன் வரையில் கட்டலாம் என்றிருந்ததை இரண்டு பவுனாகக் குறைக்க வேண்டுமென்று அவை சேர்ந்து சர்க்காரைக் கேட்டன. வருஷக் கணக்காகக் கேட்டன. 2019 ஏப்ரலில் இரண்டு பவுன் ஆயிற்று. அதிகாரம் இல்லாத சபைக்கும் வாய் இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

பொதட்டூர்பேட்டையில் யந்திரம் மதுக்கடையில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. அதற்கு ஊர்ச் சபை என்ன அனுமதி தருவது, என்ன மறுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். யந்திரத்தைத் தொட முடியாது. ஆனால் யந்திரத்துக்குப் பணம் போகும் வழியும், அதற்கு ஆள் போகும் வழியும் ஊருக்குள்ளேதான் இருக்கின்றன. பேரூராட்சிகளுக்குச் சொந்தமான கடைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. நம்பர் எழுதுவது கண்டுபிடிக்கப்பட்டால் குத்தகை ரத்து என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தக் கவர்னருடைய சம்மதமும் தேவையில்லை. திருவிழாக் காலத்தில் தெருவோரக் கடைக்கு இடம் ஒதுக்கும்போது லங்கர் கட்டைக்கு இடமில்லை என்று எழுதலாம். விளம்பரப் பலகைக்கு அனுமதி கேட்டு வருகிறவனிடம், எதை விளம்பரம் செய்யப் போகிறாய் என்று கேட்கலாம். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்தான். நாடாவும் சின்ன விஷயம்தான். அது ஓடாவிட்டால் துணி கிடையாது.

கடனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். லாட்டரியைத் தடுத்த அதே 2003-ம் வருஷத்தில்தான் கந்துவட்டித் தடைச் சட்டமும் வந்தது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் நுழையும் திருடர்கள் என்பதை அன்று யாரோ ஒருவர் உணர்ந்திருக்க வேண்டும். சூதில் தோற்றவன் வட்டிக்காரனிடம் போகிறான். வட்டிக்காரனுக்குப் பயந்து மறுபடி சூதுக்குப் போகிறான். இந்தச் சக்கரத்தில் மாட்டிக் கொண்டவனுக்குப் புத்திமதி சொல்லுவதைப் போல் பயனற்ற காரியம் வேறு இல்லை. அவனுடைய மனைவியும் அவனும் வந்து உட்கார்ந்து, கடன் இவ்வளவு, வட்டி இவ்வளவு, இதில் சட்டப்படி கொடுக்க வேண்டியது இவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொல்ல ஓர் அறையும், மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒரு வக்கீலும் இருந்தால் எவ்வளவோ நன்மை உண்டாகும். பேரூராட்சிக் கட்டடத்தில் ஓர் அறை கிடைக்காதா? இலவசச் சட்ட உதவிக்கென்று சர்க்காரே ஸ்தாபனங்கள் வைத்திருக்கிறது. அந்த அறையின் சுவரில் 14416 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். மனநல ஆலோசனைக்காக இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் ஏற்படுத்திய இலவச டெலிபோன் எண் அது. சூதாட்ட வெறியை உலக சுகாதார ஸ்தாபனமும் நோய்ப் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்து, அதற்கு அடுத்ததாக மருந்தை வைத்தாரே, அது தற்செயலாக அமைந்ததாகவே இருக்கட்டும். நமக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது.

நோய் என்று ஒப்புக் கொண்டால் ஒரு காரியத்தைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. சூதாடிகளின் பெயரைப் பலகையில் எழுதித் தொங்கவிடுவது, ஊரைக் கூட்டி அவமானப்படுத்துவது போன்ற வீராவேசமெல்லாம் கூடாது. மானம் போய்விட்டவன் ஆட்டத்தை விடமாட்டான். ஊரை விடுவான், அல்லது உயிரை விடுவான். புளிய மரத்தடியில் டீச் செலவுக்குச் சீட்டாடும் நாலு கிழவர்களைப் பிடித்துக் கொண்டுபோய் அபராதம் வாங்கிவிட்டு, சூதை ஒழித்துவிட்டோம் என்று அறிக்கை விடுவதும் வேண்டாம். எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பது கணக்கே அல்ல. தறி முன்பணம் ஊரில் ஏறுகிறதா, குறைகிறதா? பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற குழந்தைகள் எத்தனை பேர்? அடகுக் கடையில் மூழ்கிப்போன நகை எவ்வளவு? யார் பெயரும் சொல்லாமல் இந்த மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விசாரித்தால் ஊரின் நாடி தெரிந்துவிடும்.

தறி முதலாளிகளையும் இதில் இழுக்காமல் முடியாது. வாரக் கூலியில் ஒரு பகுதியை, நெசவாளியின் சம்மதத்தோடு, அவர் மனைவியின் பாங்குக் கணக்கில் கட்டிவிடும் ஏற்பாடு செய்யலாம். பெண்கள் கணக்கில் நேரே பணம் போடுவது புது யோசனையும் அன்று. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை அப்படித்தான் போகிறது. முதலாளிக்கும் இதில் நஷ்டமில்லை. இரவெல்லாம் செல்போனைப் பார்த்துவிட்டு வந்தவன் ஓட்டும் தறியில் இழை அறுவது யாருக்கு நஷ்டம்?

தறி நின்ற நாளில் ஆள் எங்கே போவான் என்ற கேள்வியும் இருக்கிறது. நூலகச் சட்டத்தை 1948-லேயே செய்த ராஜ்யம் நம்முடையது. இந்தியாவில் அதற்கு முன் சர்க்கார் மாகாணம் எதிலும் அப்படிப்பட்ட சட்டம் கிடையாது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறோம். வரி கொடுக்கிற தறிக்காரன் நூலகத்துக்குப் போகும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டாமா? இரவு ஒன்பது மணி வரையில் விளக்கெரியும் படிப்பறையும், பையன்கள் பந்தாடச் சமனான மைதானமும் சூதாட்டத் தடைச் சட்டத்தின் ஷரத்துக்களாக எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

தடை செய்ததனால்தான் கள்ளச் சூது பெருகுகிறது, கேரளத்தைப் போல் சர்க்காரே நடத்தி வருமானத்தை நல்ல காரியத்துக்குச் செலவிடலாமே என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். கேரளத்தில் 2011-ல் ஆரம்பித்த காருண்யா லாட்டரியின் வருமானத்தைக் கொண்டு ஏழைகளுக்கு வைத்திய உதவி செய்து வந்தார்கள். அந்த உதவியை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு ஏழையின் வைத்தியத்துக்கு இன்னோர் ஏழையின் கடைசி ரூபாயை ஏன் வாங்க வேண்டும்? ராஜாஜி 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை மதுவிலக்குக்காகவே நடத்தினார். கல்கி அவருக்குத் துணை. படங்களும் கதைகளுமாகப் பத்தே இதழ்கள் வந்தன. எட்டு வருஷம் கழித்து, 1937 அக்டோபர் முதல் தேதி, சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. கலால் வருமானம் போய்விடுமே என்று கேட்டவர்களுக்கு ராஜாஜி 1939-ல் விற்பனை வரியைப் போட்டுப் பதில் சொன்னார். மதுவிலக்கின் பிற்காலச் சரித்திரம் வேறு. அதை இங்கே கிளப்ப விரும்பவில்லை. சட்டம் வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. சூது விஷயத்தில் சட்டம் மட்டும் வந்திருக்கிறது. பிரசாரம் இன்னும் புறப்படவில்லை.

உள்ளாட்சி ஸ்தானங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016-ல் தமிழ்நாட்டில் சட்டம் செய்தார்கள். 2022 பிப்ரவரியில் பேரூராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தபோது பெண்கள் பெருந்தொகையாக அங்கத்தினரானார்கள். திரௌபதி கேட்ட சபையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அதனால்தான் பதில் வரவில்லையோ என்னவோ! பேரூராட்சிச் சபையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய் எல்லாம் தீர்ந்த பிறகு நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளுக்கு இடம் இருக்கும். கடைக் குத்தகையில் ஒரு நிபந்தனை, திருவிழாக் கடைகளுக்கு ஒரு நிபந்தனை, கடன் ஆலோசனைக்கு ஓர் அறை, நூலகத்துக்கு இரவு நேரம், மேலே உள்ள சர்க்காருக்கு ஒரு கோரிக்கை - தீர்மானம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அடுத்த உற்சவத்துக்குக் கடை இடங்கள் ஒதுக்குவதற்கு முன்னால் அதை நிறைவேற்றிவிட்டால், கூத்து மேடைக்கு நூறு கஜ தூரத்தில் இருக்கும் அந்த மங்கலான இடத்தில் ஒரு விளக்கும் போடச் சொல்லலாம். தெருவிளக்கு பேரூராட்சியின் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான்.